மூன்று நிமிடப் படமும் ஒரு கொட்டகையும்





நன்கொடை கேட்டு வரும் வீடியோ படங்களை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். கைப்பேசியில் வாரத்துக்கு ஒன்றாவது வந்து சேருகிறது. சில படங்கள் நம் கண்களைக் கலங்க வைக்கின்றன. சிலவற்றைப் பாதியிலேயே மூடிவிடுகிறோம். இவற்றை யார் எடுக்கிறார்கள், எப்படி எடுக்கிறார்கள், இதில் காட்டப்படும் மனிதர்கள் சம்மதித்துத்தான் முகம் காட்டுகிறார்களா என்ற கேள்விகள் கொடுக்கிறவர்களின் மனதில் எழுவது நியாயமே. கிராம நாடகக் குழு ஒன்றுக்காக அப்படியொரு படத்தைத் தயாரிக்கும் வாய்ப்பு 2023-ஆம் ஆண்டு எங்களுக்குக் கிடைத்தது. அதில் நாங்கள் செய்த பிழையையும் கற்றுக்கொண்ட பாடங்களையும் மறைக்காமல் உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

யாருக்காக இந்தப் படம்?

திருவண்ணாமலை மாவட்டத்தில் செய்யாறு பக்கத்துக் கிராமம் ஒன்றில் அந்தக் குழு இயங்குகிறது. வயது முதிர்ந்த கூத்து வாத்தியார் ஒருவர் சனி, ஞாயிறு மாலைகளில் பிள்ளைகளுக்கும் இளைஞர்களுக்கும் தெருக்கூத்து கற்றுத்தருகிறார். இளைஞர்கள் சுற்றுவட்டார ஊர்களில் கூத்தும் வீதி நாடகமும் நடத்துகிறார்கள். பார்ப்பவர்களிடம் கட்டணம் கிடையாது. குழு அறக்கட்டளையாகப் பதிவு செய்யப்பட்டிருக்கிறது. ஆனால் பயிற்சிக்கு ஓர் இடம் இல்லை. பள்ளி மைதானத்து வேப்பமரத்தடிதான் அவர்களுடைய அரங்கம். மழை வந்தால் பயிற்சி நின்றுவிடும்.

கூத்தின் வரவுசெலவைக் கொஞ்சம் விளக்கிச் சொன்னால்தான் இந்தத் தேவை புரியும். வட மாவட்டங்களில் கூத்துக்குரிய காலம் ஏறக்குறைய பங்குனி முதல் ஆடி வரை. கோயில் திருவிழாக்களில் ஊரார் வீட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டுப் பணம் திரட்டி, வெற்றிலை பாக்கோடு முன்பணம் வைத்துக் குழுவை அழைப்பார்கள். இரவு பத்து மணிக்குத் தொடங்கும் ஆட்டம் விடியும் வரை நடக்கும். ஆடி கழிந்தால் அழைப்புகள் குறையும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏறக்குறைய நின்றே போகும். ஆட்டக்காரர்கள் கூலி வேலைக்கும் கட்டட வேலைக்கும் போவார்கள். ஆகவே ஆட்டத்தில் வரும் பணம் அன்றாடச் செலவுக்கே போதாது. பயிற்சிக்கும் பிள்ளைகளுக்கும் கட்டடத்துக்கும் வேறு வழிதான் தேட வேண்டும்.

இது இந்தக் குழுவுக்கு மட்டும் உள்ள நிலை அல்ல. கர்நாடகத்தில் ஹெக்கோடு என்ற சிற்றூரில் 1949-இல் தொடங்கப்பட்ட நீநாசம் நாடக அமைப்பும், காஞ்சிபுரம் வட்டாரத்தில் 1990-இல் தொடங்கப்பட்ட கட்டைக்கூத்துச் சங்கமும் பல ஆண்டு உழைப்பாலும் நண்பர்களின் ஆதரவாலும் வளர்ந்தவை. தில்லியில் ஜன நாட்டிய மஞ்ச் குழுவினர் 2012-இல் திறந்த 'ஸ்டுடியோ சப்தர்' என்ற சிறிய அரங்கமும் நண்பர்கள் கொடுத்த பணத்தில் உருவானதே. சிற்றூரில் நாடகம் நிலைப்பதற்கு இப்படிக் கொடுத்த கைகள்தான் காரணம்.

கொடுப்பது கூத்துக்குப் புதிதல்ல

கூத்து பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே யாராவது எழுந்து வந்து, ஆடுபவரின் உடையில் பத்து ரூபாய்த் தாளைக் குத்திவிட்டுப் போவார். கட்டியக்காரன் உடனே பாட்டை நிறுத்துவான். கொடுத்தவர் யார், எந்த ஊர், எவ்வளவு, யாருடைய ஆட்டத்துக்காகக் கொடுத்தார் என்று கூட்டம் முழுவதும் கேட்கும்படி சொல்லி, அவரை வாழ்த்துவான். பிறகு ஆட்டம் விட்ட இடத்தில் தொடரும். வீதி நாடகக்காரர்கள் நாடகம் முடிந்ததும் துண்டை ஏந்தி வருவதும் இதே வழக்கம்தான்.

இதில் கவனிக்க வேண்டியது, பணம் ஆட்டத்தைப் பார்த்த பிறகு வருகிறது. கொடுத்தவருக்கு அந்த இடத்திலேயே பதில் கிடைக்கிறது. இதை நாங்கள் முதலிலேயே யோசித்திருந்தால் மூன்று நாள் படப்பிடிப்பு வீணாகியிருக்காது.

எங்கள் முதல் படம்

நாங்கள் நால்வர். ஒருவர் பள்ளி ஆசிரியர். ஒருவர் கல்யாண வீடியோ எடுப்பவர். ஒருவர் கணக்கு எழுதுபவர். இன்னொருவர் அந்தக் குழுவில் சிறு வயதில் கூத்து கற்றவர். எவருக்கும் நிதி திரட்டும் படம் எடுத்த அனுபவம் இல்லை. மற்றவர்கள் எடுத்த படங்களைப் பார்த்து, அவற்றைப் போலவே எடுத்தோம்.

பதினோரு நிமிடப் படம் அது. முதல் இரண்டு நிமிடம் கூத்தின் வரலாறு. அடுத்து அறக்கட்டளைத் தலைவரின் உரை. அதன்பின் வாத்தியாரின் வீடு. ஒழுகும் கூரை, மழைத் தண்ணீர் பிடிக்க வைத்த பாத்திரங்கள், மூலையில் அடுக்கிய பழைய கட்டைகள் ஆகியவற்றைக் காட்டினோம். பழைய நாட்களைப் பற்றிக் கேட்டபோது அவர் கண் கலங்கினார். கேமராவை இன்னும் அருகே கொண்டு போனோம். ஒரு சிறுமி தன் தகப்பனாரின் குடிப்பழக்கத்தைப் பற்றிச் சொன்னதையும் சேர்த்தோம். பின்னணியில் சோகமான புல்லாங்குழல். எங்களுக்கே அழுகை வந்தது. நன்றாக அமைந்துவிட்டது என்று நினைத்தோம்.

வெளியிடுமுன் குழுவினருக்குக் காட்டவேண்டும் என்று ஆசிரிய நண்பர் வற்புறுத்தினார். இரண்டு மூங்கிலில் வெள்ளை வேட்டியைக் கட்டி மைதானத்தில் திரையிட்டோம். படம் முடிந்ததும் யாரும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வாத்தியார்தான் கேட்டார்:

"சார், படம் நல்லாத்தான் கீது. இதுல கூத்து எங்க?"

எண்ணிப் பார்த்தோம். பதினோரு நிமிடத்தில் அவர்கள் ஆடுவது நாற்பது விநாடிகூட இல்லை.

அவருடைய மனைவி எழுந்து வந்து சொன்னது இன்னும் எங்கள் காதில் இருக்கிறது. "எங்க வீடு ஒழுவுதுன்னு ஊருக்கே தெரியும். அதப் பத்தி எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா பொண்ண கட்டிக் குடுத்த எடத்துல இதப் பாத்தாங்கன்னா, எம் பொண்ணு அங்க தல நிமுந்து நடக்க முடியுமா சார்?"

படம் எடுத்த அன்று அவர்கள் மறுப்புச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தவர்களை, அதுவும் உதவிசெய்ய வந்தவர்களை, எப்படி மறுப்பது? அந்தத் தயக்கத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டது எங்கள் பிழை.

எங்களுக்குள் எழுந்த வாக்குவாதம்

அன்று இரவு நாங்கள் நால்வரும் ஒரே மனதாய் இருக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம். கணக்கு எழுதும் நண்பர் சொன்னார்: "ஆவணி பிறந்துவிட்டது. ஐப்பசிக்குள் கொட்டகை எழும்பாவிட்டால் இந்த வருடமும் பயிற்சி கிடையாது. இந்தப் படத்தை அனுப்பினால் பணம் சீக்கிரம் வரும். வீட்டைக் காட்டுகிற பகுதியை மட்டும் குறைத்துக்கொள்வோம்." அவர் சொன்னது அற்பமான காரணம் அல்ல. பிள்ளைகளின் நன்மையை நினைத்தே சொன்னார்.

இந்தக் கேள்வி உலகம் முழுவதும் பல ஆண்டுகளாக விவாதிக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பின்னர் படித்தபோது அறிந்தோம். 1984 அக்டோபரில் எத்தியோப்பியப் பஞ்சத்தைப் பற்றி பி.பி.சி. தொலைக்காட்சி காட்டிய காட்சிகள் உலகையே உலுக்கின. 1985 ஜூலையில் நடந்த 'லைவ் எய்ட்' இசை நிகழ்ச்சிகள் வழியாகப் பெருந்தொகை திரண்டது. ஆனால் எலும்பும் தோலுமான குழந்தைகளின் படங்கள் ஒரு கண்டத்து மக்கள் எல்லாரையும் கையேந்துகிறவர்களாகவே காட்டிவிட்டன என்ற வருத்தமும் எழுந்தது. அதன் விளைவாக ஐரோப்பியத் தொண்டு நிறுவனங்கள் 1989-இல் படங்களுக்கும் செய்திகளுக்கும் ஒரு நடத்தை விதியை வகுத்து, 2006-இல் அதைப் புதுப்பித்தன. காட்டப்படுகிறவர் தாமே பேச வேண்டும், அவருடைய முழுச் சம்மதம் வேண்டும், பரிதாபத்தைத் தூண்டுவதற்காக நிலைமையை மிகைப்படுத்தலாகாது என்பவை அதன் சாரம்.

மறுபக்கமும் உண்டு. மனிதர் ஒருவரின் முகத்தைப் பார்க்கும்போதுதான் நம் கை திறக்கிறது. 2007-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், பங்கேற்றவர்களுக்கு ஐந்து டாலர் கொடுத்து, அதில் விரும்பியதைப் பசித்தோருக்குத் தரலாம் என்றார்கள். மாலி நாட்டுச் சிறுமி ரோக்கியா என்ற ஒருத்தியின் கதையை மட்டும் படித்தவர்கள் சராசரியாக 2.38 டாலர் கொடுத்தார்கள். இலட்சக்கணக்கானோர் பசியால் வாடுகிறார்கள் என்ற புள்ளிவிவரத்தை மட்டும் படித்தவர்கள் 1.14 டாலர் கொடுத்தார்கள். கதையையும் புள்ளிவிவரத்தையும் சேர்த்துப் படித்தவர்கள் கொடுத்தது 1.43 டாலர்தான்.

இவற்றைப் படித்தபின் எங்களுக்குத் தெளிவு பிறந்தது. ஒரு முகம் வேண்டும், உண்மைதான். அந்த முகம் அழத்தான் வேண்டுமா? அது வேலை செய்யும் முகமாக, அரிதாரம் பூசிய முகமாக, ஆடும் முகமாக இருக்கக்கூடாதா? முதல் படத்தை முழுவதும் அழித்துவிட்டோம். கணக்கு நண்பரும் கடைசியில் சம்மதித்தார். ஆனால் "மழைக்கு முன் முடியாவிட்டால் அதற்கும் நாம்தான் பதில் சொல்ல வேண்டும்" என்றார். அதையும் ஏற்றுக்கொண்டோம்.

இரண்டாவது படத்தின் திட்டம்

இந்த முறை கேமராவைத் தொடுமுன் ஒரே பக்கத்தில் திட்டம் எழுதினோம். நான்கு கேள்விகளுக்குப் பதில் எழுத முடியாவிட்டால் படம் எடுப்பதில்லை என்று முடிவு செய்தோம்.

1. யாருடைய கதை? ஒருவருடையது. கல்லூரியில் படிக்கும் ஒரு மாணவி அந்தக் குழுவில் துரியோதனன் வேடம் கட்டுகிறாள். பெண்கள் கூத்தாடுவது அந்தப் பக்கத்தில் இன்னும் அபூர்வம். வயது வந்தவள் என்பதால் சம்மதத்தைத் தானே தர முடியும்.

2. எதைக் கேட்கிறோம்? கொட்டகை ஒன்றை மட்டும். வாத்தியார் சம்பளம், இசைக்கருவிகள், வண்டி எல்லாம் தேவைதான். ஆனால் ஒரு படத்தில் நான்கு தேவைகளைச் சொன்னால் பார்ப்பவர் எதையும் நினைவில் வைக்கமாட்டார்.

3. எவ்வளவு? மேஸ்திரியின் மதிப்பீடு 2,40,000 ரூபாய். அதை 2,000 ரூபாய் வீதம் 120 பங்குகளாகப் பிரித்தோம். ஒரு குடும்பம் தன்னால் முடியுமா என்று உடனே கணக்குப் பார்க்க இது உதவியது. பாதிப் பங்கு கொடுத்தவர்களும் இருந்தார்கள்.

4. ஏன் இப்போது? மழைக்காலம் வருகிறது. இதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

படத்தின் அமைப்பு இப்படி: முதல் இருபது விநாடி, கண்ணாடிக்கு முன் அரிதாரம் பூசும் முகம்; பேச்சு இல்லை. அடுத்து அந்த மாணவி தன்னைப் பற்றிச் சொல்கிறாள். பிறகு வாத்தியார் பிள்ளைகளுக்கு அடவு சொல்லித்தருகிறார். அப்போது நிஜமாகவே தூறல் விழ, எல்லாரும் கருவிகளைத் தூக்கிக்கொண்டு பள்ளித் தாழ்வாரத்துக்கு ஓடுகிறார்கள். அந்தக் காட்சி தற்செயலாகக் கிடைத்தது. அதன்பின் ஒரு நிமிடம் முழுவதும் கூத்து. கடைசி முப்பது விநாடி, என்ன தேவை, எவ்வளவு, எப்படிக் கொடுப்பது. மொத்தம் மூன்று நிமிடம் பத்து விநாடி. தலைவரின் உரை இல்லை. தலைவர் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டார்.

படப்பிடிப்பில் கற்றவை

இரவுக் கூத்தைப் படமெடுப்பது எளிதல்ல. இப்பணியில் இறங்க நினைக்கும் இளைஞர்களுக்காக எங்கள் அனுபவத்தை எழுதுகிறோம்.

வெளிச்சம்: ஆட்டக்காரர் அணியும் கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம் ஆகியவை கல்யாண முருங்கை போன்ற எடை குறைந்த மரத்தில் செய்து, சிறு கண்ணாடித் துண்டுகளும் ஜிகினாத் தாளும் ஒட்டியவை. நேரே விளக்கடித்தால் கண்ணாடிகள் பளீரென்று மின்னி முகம் இருண்டுவிடும். பக்கவாட்டில் ஒரு விளக்கை உயர்த்தி வைத்தபோது முகமும் தெரிந்தது, கட்டைகளும் அழகாய் மின்னின. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கேமராவின் ஷட்டரை ஐம்பதில் ஒரு பங்கு அல்லது நூறில் ஒரு பங்கு விநாடி என்று வைக்காவிட்டால், குழல் விளக்கு வெளிச்சத்தில் படம் முழுவதும் கோடுகள் ஓடும். கைப்பேசியில் தானாகவே எடுக்க விடும்போது இந்தத் தொல்லை அடிக்கடி வருகிறது.

ஒலி: படம் கொஞ்சம் மங்கினாலும் மக்கள் பொறுத்துக்கொள்வார்கள். பேச்சு கேட்காவிட்டால் பார்க்கமாட்டார்கள். முகவீணையின் ஒலி கூர்மையானது. மைக்கை அருகே வைத்தால் கிறீச்சிடும். ஒலி அளவைக் குறைத்து வைத்துப் பதிவு செய்து, பிறகு கூட்டிக்கொள்வதே நல்லது. பேட்டி எடுக்கும்போது சட்டையில் மாட்டும் சிறு மைக் போதும். ஜெனரேட்டரும் மோட்டார் செட்டும் ஓடாத நேரமாகப் பார்க்க வேண்டும்.

எதை எடுப்பது: விடிய விடிய நடக்கும் ஆட்டத்தை முழுவதும் எடுத்தால் தொகுக்க ஒரு மாதம் ஆகும். வாத்தியாரிடம் முன்கூட்டியே கேட்டு மூன்று கட்டங்களை மட்டும் குறித்துக்கொண்டோம். வேடம் கட்டுதல், திரைக்குப் பின்னிருந்து பாடிக்கொண்டே வரும் முதல் பிரவேசம், கடைசியில் விடியும் வெளிச்சத்தில் களைத்த முகங்கள். கல்யாண வீடியோ நண்பருக்கு ட்ரோன் பறக்கவிட வேண்டும் என்று ஆசை. அதன் ஒரு நாள் வாடகைக்கு ஒரு பங்கு போய்விடும் என்று கணக்கு நண்பர் சொன்னதும் ஆசையை விட்டுவிட்டார்.

கேள்விகள்: "உங்கள் கஷ்டத்தைச் சொல்லுங்கள்" என்று கேட்டால் எல்லாரும் ஒரே மாதிரிப் பேசுவார்கள். "முதல் முறை வேடம் கட்டிய இரவு என்ன நடந்தது?" என்று கேட்டோம். அந்த மாணவி சிரித்துக்கொண்டே சொன்னாள்: "வேஷம் கட்டிட்டா யாரும் என்னை வா, போன்னு கூப்பிட மாட்டாங்க. மகாராசான்னுதான் கூப்பிடுவாங்க. எங்க அம்மாகூட அன்னிக்கு அப்படித்தான் கூப்பிட்டாங்க." படத்தைப் பார்த்த பலர் எங்களிடம் திரும்பச் சொன்ன வரி இதுதான்.

எழுத்து: கைப்பேசியில் பார்ப்பவர்களில் பலர் ஒலியை அடைத்துவிட்டுத்தான் பார்க்கிறார்கள். ஆகவே பேசுவது முழுவதையும் திரையின் அடியில் தமிழில் எழுதினோம். தமிழ் படிக்கத் தெரியாத உறவினர் வெளியூர்களில் இருக்கிறார்கள் என்று குழுவினர் சொன்னதால் ஆங்கில எழுத்தோடு இன்னொரு பிரதியும் செய்தோம்.

சம்மதமும் உரிமையும்

இம்முறை சம்மதத்தை மூன்று தடவை கேட்டோம். எடுக்குமுன் ஒரு தடவை; எடுத்த மறுநாள் ஒரு தடவை; தொகுத்த படத்தைக் காட்டிய பின் ஒரு தடவை. "வேண்டாம் என்று சொன்னாலும் உங்களுக்குச் சேர வேண்டியது குறையாது" என்று ஒவ்வொரு முறையும் சொன்னோம். எழுதிய தாளைப் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்கினோம். பிள்ளைகளின் பெயரையோ வீட்டுக் கதையையோ சேர்க்கவில்லை. பெற்றோர் சம்மதித்த பிள்ளைகளை மட்டும், கூட்டமாக ஆடும்போது காட்டினோம். தகப்பனாரைப் பற்றிப் பேசிய சிறுமியின் பதிவை அழித்துவிட்டோம் என்று அவளுடைய தாயாரிடம் நேரில் போய்ச் சொன்னோம்.

ஆடுபவருக்குத் தம் ஆட்டத்தின் மேல் உரிமை உண்டு என்பதைப் பலர் அறிந்திருக்கவில்லை. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994-இல் கொண்டுவரப்பட்ட திருத்தம் கலைஞர்களுக்கு இந்த உரிமையைத் தந்தது. இப்போது அது ஐம்பது ஆண்டுகளுக்குச் செல்லும். அவர்கள் சம்மதமின்றி ஆட்டத்தைப் பதிவு செய்து பரப்புவது முறையல்ல. இதேபோல, சினிமாப் பாட்டைப் பின்னணியில் சேர்ப்பதற்கும் உரியவர்களின் அனுமதி வேண்டும். எங்கள் படத்துக்குக் குழுவின் முகவீணைக் கலைஞரையே வாசிக்கச் சொல்லி, அவருக்குரிய கூலியைக் கொடுத்தோம். முதல் படத்தின் புல்லாங்குழலை யாரும் நினைக்கவில்லை.

பணம் வரும் வழி

படத்தின் கடைசி முப்பது விநாடியில் தவறு நேர்ந்தால் எல்லாம் வீண். நன்கொடை அறக்கட்டளையின் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கே போக வேண்டும். தனி மனிதரின் கணக்குக்கோ கைப்பேசி எண்ணுக்கோ போகலாகாது. திரையில் காட்டும் கியூஆர் குறியீட்டை நாங்கள் நால்வரும் பத்துப் பத்து ரூபாய் அனுப்பிச் சோதித்த பிறகே சேர்த்தோம்.

வருமான வரிச் சலுகையைப் பற்றியும் பலர் கேட்டார்கள். அறக்கட்டளை அதற்குரிய அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை கிடையாது. புதிய வரி முறையைத் தெரிந்துகொண்டவர்களுக்கும் இந்தச் சலுகை இல்லை. இவற்றை முன்கூட்டியே சொல்லிவிட்டால் பின்னால் மனக்கசப்பு வராது.

வெளிநாட்டில் உள்ள உறவினரைப் பற்றி மிகுந்த கவனம் வேண்டும். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர் தரும் பணம், அவர் தமிழராகவே இருந்தாலும், வெளிநாட்டு நன்கொடையாகவே கருதப்படும். அதைப் பெற மத்திய அரசின் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். 2020-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, அந்தப் பணம் முதலில் தில்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் வர வேண்டும். எங்கள் நாடகக் குழுவுக்கு அந்தப் பதிவு இல்லை. ஆகவே "இந்தியக் குடிமக்கள் மட்டும் அனுப்பவும்" என்று திரையில் எழுதினோம். வளைகுடா நாடுகளில் வேலை செய்யும் இந்தியக் குடிமக்கள் தம் சேமிப்பிலிருந்து முறையான வங்கி வழியாக அனுப்புவதற்குத் தடை இல்லை. இரண்டு பேர் வெளிநாட்டிலிருந்து கொடுக்க முன்வந்தபோது நன்றி சொல்லி மறுக்க வேண்டியதாயிற்று.

முடிவு என்ன ஆயிற்று?

புரட்டாசி முதல் வாரத்தில் படத்தை வெளியிட்டோம். வாட்ஸ்அப் வழியாகப் போனதைவிட, நேரில் திரையிட்ட இடங்களில்தான் அதிகப் பங்குகள் சேர்ந்தன. பள்ளி ஆண்டு விழாவிலும் கல்யாண மண்டபத்திலும் காட்டிவிட்டு, அந்த மாணவியே எழுந்து இரண்டு வார்த்தை பேசினாள். ஆனாலும் ஐப்பசிக்குள் முழுத்தொகை சேரவில்லை. மழை தொடங்கிவிட்டது. ஐந்து வாரம் பயிற்சி நடக்கவில்லை. இரண்டு பிள்ளைகள் திரும்பி வரவேயில்லை. முதல் படத்தை அனுப்பியிருந்தால் அந்த இருவரும் இருந்திருப்பார்களோ என்று கணக்கு நண்பர் ஒரு முறை கேட்டார். எங்களில் யாரும் பதில் சொல்லவில்லை.

120-ஆவது பங்கு கார்த்திகைக் கடைசியில் வந்தது. தை மாதத்தில் கொட்டகை எழும்பியது. வரவு செலவுக் கணக்கை ஒரே தாளில் எழுதி, கொடுத்த ஒவ்வொருவருக்கும் ரசீதோடு அனுப்பினோம். படத்துக்கு ஆன செலவையும் அதில் காட்டினோம். அதை நாங்கள் நால்வரும் எங்கள் கையிலிருந்தே ஏற்றுக்கொண்டோம். பங்குப் பணத்தில் தொடவில்லை.

கொட்டகையில் நடந்த முதல் கூத்தன்று வாத்தியாரே கட்டியக்காரன் வேடம் கட்டினார். ஆட்டம் தொடங்குமுன் கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்து, பங்கு கொடுத்த ஒவ்வொருவரின் பெயரையும் ஊரையும் தொகையையும் ராகம் போட்டு வாசித்தார். பெயரைச் சொல்ல விரும்பாதவர்களை "பேர் சொல்லாத புண்ணியவான்" என்றார். முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. கூட்டம் அசையவில்லை. வாத்தியாரின் மகளும் அவள் புகுந்த வீட்டாரும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள்

அன்பான நண்பர்களே, இனி நன்கொடை கேட்டு ஒரு படம் உங்களிடம் வரும்போது, இரக்கத்தோடு பாருங்கள், கேள்வியும் கேளுங்கள். இதில் காட்டப்பட்டவர் இந்தப் படத்தைப் பார்த்துச் சம்மதித்தாரா? என்ன தேவை, எவ்வளவு என்று தெளிவாகச் சொல்லப்பட்டிருக்கிறதா? பணம் நிறுவனத்தின் கணக்குக்குத்தான் போகிறதா? ரசீதும் கணக்கும் வருமா? இப்படிக் கேட்பது அவமதிப்பு ஆகாது. நேர்மையாய் உழைக்கிறவர்கள் இந்தக் கேள்விகளை வரவேற்பார்கள். எங்களிடம் முதலில் கேட்டவர் வாத்தியாரின் மனைவி. அவருக்கு நாங்கள் என்றும் நன்றியுள்ளவர்கள்.

உங்கள் ஊரிலும் மரத்தடியில் ஆடும் ஒரு நாடகக் குழு இருக்கலாம். ஒரு மாலை போய் உட்கார்ந்து பாருங்கள். பார்த்தபின் மனதுக்குத் தோன்றியதைக் கொடுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் நண்பர்கள்